மிருகக்காட்சிசாலையில் நான் எடுத்த சிறுத்தைப் படம் தோட்டத்தில் பீதியைக் கிளப்பிவிட்டது. இனி எப்படிப் படமெடுப்பது?

மூடுபனி (தலவாக்கலை) கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருடம் சேர்த்த காசில் பாவித்த கெனன் 700டி கமரா ஒன்றும் 55-250 லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமையானால் கமராவைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போய்விடுவேன். பறவை, அணில், ஓணான் எது கிடைத்தாலும் எடுப்பேன். எனக்கு இதைவிடப் பிடித்த வேலை வேறு இல்லை.

போன மாதம் அக்காவின் பிள்ளைகளைத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்குக் கூட்டிச் சென்றேன். சிறுத்தையின் கூண்டுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றேன். பிள்ளைகள் அதற்குள் இரண்டு தடவை யானையைப் பார்த்துவிட்டு வந்துவிட்டார்கள். அங்குமிங்கும் நடந்துகொண்டே இருந்த சிறுத்தை ஒருவழியாக ஒரு கட்டையில் ஏறிப் படுத்து, முன்னங்கால்மேல் தாடையை வைத்தது. லென்ஸை 250 வரை நீட்டி, துளையை முழுதாகத் திறந்து, கண்ணில் போகஸ் செய்து அழுத்தினேன். விலங்கு வலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்ததால் கம்பி வலை படத்தில் கரைந்தே போய்விட்டது. பின்னால் இருந்த செடிகள் வெறும் பச்சையாகக் குழைந்துவிட்டன. கண்ணுக்குள் வானம் ஒரு சிறு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்தது. மீசை முடி ஒன்றில் உமி மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. அந்த உமிகூடத் தெளிவாக விழுந்திருந்தது. நான் இதுவரை எடுத்ததில் அதுதான் சிறந்த படம்.

அன்றிரவே முகநூலில் போட்டேன். "மலையின் அரசன்" என்று மட்டும் எழுதினேன். இடத்தை எழுதவில்லை. எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை.

மூன்றாம் நாள் காலை அதே படம் எங்கள் தோட்டத்து வட்ஸ்அப் குழுவில் வந்தது. "இன்று விடியற்காலை பன்னிரண்டாம் நம்பர் மலையில்" என்று யாரோ எழுதிச் சேர்த்திருந்தார்கள். பின்னால் குழைந்திருந்த பச்சையைத் தேயிலை என்றே எல்லோரும் நம்பிவிட்டார்கள். காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டில் பெண்கள் அந்த மலைக்குப் போகமாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். வேறு மலையில் அன்று கொழுந்து இல்லை என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிட்டார். பாதிப் பேர் வெறுங்கையோடு லயத்துக்குத் திரும்பினார்கள். அன்றைக்கு அவர்களுக்குப் பேர் இல்லை, அதாவது ஒரு நாள் கூலி இல்லை. திரும்பியவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

இரவு அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். கமராவின் திரையில் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இது வேட்டைக்குப் போகிற முகம் இல்லை, சோற்றுக்குக் காத்திருக்கிற முகம். இதைப் பார்த்தா பயந்தோம்?" என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அந்த வாரமே இளைஞர்கள் சிலர் நாய்களோடு காட்டோரம் தேடிப் போனார்கள். ஓடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பிக் கண்ணி கட்டியிருந்ததாக ஒருவர் சொன்னார். அது பன்றிக்கு வைத்ததா, என் படத்தால் வைத்ததா, தெரியவில்லை. முகநூலிலிருந்து படத்தை அழித்துவிட்டேன். மனம் ஆறவில்லை.

என் கேள்விகள் இவை. கூண்டில் இருப்பதை எடுப்பதையே விட்டுவிடவா? கூண்டுப் படம் ஒரு படமே இல்லை என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். இந்த லென்ஸை வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தில் காட்டு உயிர்களை எங்கே, எப்படி எடுக்கலாம்? பனிமூட்டத்தில் எடுத்தால் எல்லாம் சாம்பலாக வருகிறது. மந்தியை எடுத்தால் பின்னணி வெளிறிவிடுகிறது. இன்னொன்று, லென்ஸுக்குள் சிலந்தி நூல் போல மெல்லிய கோடுகள் தெரிகின்றன. துடைத்தாலும் போகவில்லை.

ஸ்டூடியோக்காரர் (ஹட்டன்):

தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்லவேண்டும். நாள் கடத்தினால் லென்ஸ் போய்விடும். அது பூஞ்சணம். கண்ணாடிக்கு உள்பக்கம் வளர்வது, வெளியே துடைத்துப் பயனில்லை. திறந்து சுத்தம் செய்யத் தெரிந்த திருத்துநரிடம் உடனே கொடுங்கள். கண்ணாடியின் பூச்சைத் தின்னத் தொடங்கிவிட்டால் பிறகு சுத்தம் செய்தாலும் தழும்பு நிற்கும். மற்ற லென்ஸ் இருந்தால் அதோடு சேர்த்து வைக்காதீர்கள். நம் மலையில் ஜூன், ஜூலை மழையில் சப்பாத்தே பூத்துவிடுகிறது, லென்ஸ் எம்மாத்திரம்? தோல் பையிலோ துணி அலுமாரியிலோ கமராவைப் பூட்டி வைப்பதுதான் பலரும் செய்யும் பிழை. காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று வாங்கி, உள்ளே சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகையாகப் பார்த்து வாங்கினால் ஈரம் குடித்து முடித்ததும் நிறத்திலேயே தெரிந்துவிடும். வறுத்து மறுபடியும் போடலாம். என் பழைய பிலிம் கமராக்கள் முப்பது வருடமாகச் சின்ன பல்பு எரியும் அலுமாரிக்குள் இருக்கின்றன, ஒன்றிலும் பூஞ்சணம் இல்லை.

காலையில் குளிரில் படமெடுத்துவிட்டு வந்து, அடுப்பெரியும் குசினிக்குள் கமராவை வெளியே எடுக்கிறீர்களா? அங்கேதான் ஈரம் பிடிக்கிறது. பையை மூடியபடியே ஒரு மணி நேரம் விடுங்கள். கமரா வீட்டுச் சூட்டுக்கு வந்தபிறகு திறந்தால் போதும்.

அடுத்தது பனிமூட்டம். கமராவின் ஒளிமானி பார்ப்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அதன் இயல்பு அது. வெள்ளைப் பனியைக் காட்டினால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். நீங்கள் ஒளி ஈடுசெய்தலை (கமராவில் +/- குறி) ஒன்று கூட்டி வையுங்கள். மந்தியில் கதை தலைகீழ். அதன் உடம்பு கரும்பழுப்பு, மயிர் அடர்த்தி. கமரா அதை இருட்டென்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டுகிறது, பின்னணி வெளிறுகிறது. அங்கே அதே ஈடுசெய்தலைப் பூச்சியத்துக்குக் கீழே முக்கால் அளவு இறக்குங்கள். பனியில் போகஸ் முன்னும் பின்னும் ஓடினால் நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மூக்குக்கும் கன்னத்து வெள்ளை மயிருக்கும் இடையே உள்ள எல்லையில் பிடியுங்கள். 700டியில் ஐஎஸ்ஓ 1600 வரை தயங்காமல் போகலாம். படத்தில் கொஞ்சம் மணல் போலப் புள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, அசைந்துபோன படத்தை யாராலும் காப்பாற்ற முடியாது.

லென்ஸ் சிறியது என்று குறைப்படவேண்டாம். உங்கள் கமராவின் சென்சர் சிறியது என்பதால் 250 என்பது பிலிம் கணக்கில் 400 ஆகிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு அது தாராளம். அந்தப் பெயரை 1897இல் விக்டோரியா இராணியின் வைர விழாவுக்காக வைத்தார்கள். மேலை நாட்டவர் பலர் அங்கே வருவது பூவைப் பார்க்க அல்ல. காஷ்மீரில் குஞ்சு பொரிக்கும் ஈப்பிடிப்பான் குளிர்காலத்துக்கு நம் மலைக்கு வருகிறது. இமயமலைப் பக்கமிருந்து கறுப்பு வெள்ளைப் பூங்குருவி வருகிறது. ஆறுமணிக்குருவியும் வரும். ஒக்டோபருக்குப் பிறகு போய், ஓடைப் பக்கமாக, இலைக் குப்பை கிடக்கிற நிழலில் அசையாமல் உட்காருங்கள். நடந்து தேடினால் ஒன்றும் கிடைக்காது. நான் ஒருநாள் ஒரே கல்லில் இரண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆறுமணிக்குருவி இலையைப் புரட்டிப் புரட்டிக்கொண்டு என் செருப்புக்கு நான்கு அடிவரை வந்தது. அவ்வளவு அருகில் லென்ஸ் போகஸ் ஆகவில்லை. கமராவை மடியில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த வயிற்றுச் சிவப்பு இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கைபேசியில் குருவியின் குரலைப் போட்டு வரவழைக்கும் வழக்கம் இப்போது பெருகிவிட்டது. வேண்டவே வேண்டாம். எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அந்தச் சின்ன உயிர் தீனியை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலைகிறது.

கூண்டுப் படத்தை விடாதீர்கள். முக்கால் மணி நேரம் ஒரு சிறுத்தையை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். திரும்புவதற்கு முன் அதன் காது முதலில் திரும்புவதைக் கவனித்திருப்பீர்கள். காட்டில் அந்தப் பாடத்துக்கு உங்களுக்குக் கிடைப்பது மூன்று வினாடி. வலையைப் படத்திலிருந்து மறைக்கத் தெரிந்தவர், அதை எழுத்தில் திருப்பி வைக்கவேண்டும். "தெஹிவளை மிருகக்காட்சிசாலை" என்று இரண்டு சொல் போட்டிருந்தால் உங்கள் அம்மாவுக்கு அன்று பேர் விழுந்திருக்கும். கடுமையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

கொழுந்துக்கூடை (மஸ்கெலியா):

தம்பி, நான் ஆசிரியை. என் அம்மா முப்பத்தாறு வருடம் கொழுந்து பறித்தவர். உங்கள் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

முதலில் ஒன்று. அந்தப் பெண்கள் பயந்ததை யாரும் வீண்பயம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இடுப்பளவு செடிக்குள் குனிந்து நிரை பிடித்து நடக்கிறவருக்கு அடுத்த நிரையில் என்ன படுத்திருக்கிறது என்று தெரியாது. சிறுத்தை பெரும்பாலும் மனிதர்களைக் கண்டால் விலகிப் போய்விடும், லயத்து நாய்க்குத்தான் இரவில் வரும். ஆனாலும் எதிர்பாராமல் முட்டிக்கொண்டு காயப்பட்டவர்கள் மலையகத்தில் இருக்கிறார்கள். அந்தப் பயத்தோடுதான் தினமும் மலை ஏறுகிறார்கள்.

சிறுத்தைக்கும் இங்கே நிம்மதி இல்லை. 2020 மே மாதம் எங்கள் பக்கம் நல்லதண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் மாட்டிக்கொண்டது. அத்தனை அபூர்வமான உயிர். கழுத்தில் கம்பி இறுகியிருந்தது. மீட்டுச் சிகிச்சைக்காக உடவளவைக்குக் கொண்டு போனார்கள், சில நாளில் செத்துவிட்டது. பன்றிக்கு வைக்கிற கண்ணிக்குப் பன்றி எது, சிறுத்தை எது என்று தெரியாது. உங்கள் ஓடையோரக் கண்ணியைச் சொன்னவரிடம் இடத்தைக் கேட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். நீங்களாகக் கழற்றப் போகாதீர்கள், ஏதாவது மாட்டியிருந்தால் ஆபத்து.

படத்தை அழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது போதாது. நீங்கள் அழித்தது உங்கள் பக்கத்தில் மட்டும்தான். ஐம்பது கைபேசியில் அது இன்னும் பன்னிரண்டாம் நம்பர் மலையில்தான் படுத்திருக்கிறது. அதே குழுவில், கம்பி வலையும் கூண்டின் பெயர்ப் பலகையும் தெரிகிற வேறு படம் இருந்தால் அதையும் போட்டு, "இது நான் எடுத்தது, தெஹிவளையில் எடுத்தது" என்று எழுதுங்கள். பிரட்டுக்குப் போய் நேரிலும் சொல்லுங்கள். பேர் இழந்தவர்களுக்கு அதைக் கேட்கிற உரிமை இருக்கிறது.

நாளைக்கு உண்மையிலேயே ஒரு சிறுத்தையைத் தோட்டத்தில் கண்டால், வேலைக்குப் போகிறவர்களிடம் உடனே சொல்லுங்கள். முகநூலில் இடத்தைப் போடாதீர்கள். யாருக்குத் தெரியவேண்டுமோ அவருக்குத்தான் தெரியவேண்டும்.

கம்பளைவாசி:

கொழுந்துக்கூடை அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பிரச்சினை உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியில் 2009இல் முதல் பரிசு பெற்றது ஓர் ஓநாய்ப் படம். மரப் படலையைத் தாண்டிக் குதிக்கிற ஓநாய், அப்படி ஒரு கணம். பிறகு அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்கவேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010 ஜனவரியில் பரிசைப் பறித்துவிட்டார்கள். எடுத்தவர் கடைசிவரை மறுத்தார். அந்த வருடம் முதலிடம் வெறுமையாகவே விடப்பட்டது என்பதுதான் என் மனதில் தங்கிய விஷயம்.

காட்டுக்கும் கூண்டுக்கும் நடுவில் இன்னொரு நிலை இருக்கிறது, அதையும் யோசியுங்கள். ஹோர்ட்டன் சமவெளியில் வாகனம் நிறுத்துமிடத்துக்கு மரைகள் (கடமான்கள்) வருகின்றன. பாணும் பிஸ்கட்டும் கொடுத்துக் கொடுத்து மனிதர்கள் பழக்கிவிட்டார்கள். கம்பி இல்லை, கூண்டு இல்லை, ஆனால் ஆண் மரை வந்து பையை முகர்கிறது. வாசலில் பொலித்தீனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுகிறார்கள், அப்படியும் குப்பை போகிறது. அந்த மரையை ஐந்து அடியில் நின்று எடுத்துவிட்டு "காட்டில் நேருக்கு நேர்" என்று போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. விடியற்காலை பட்டிப்பொல வாசல் திறந்ததும் போங்கள். புல்வெளியில் உறைபனி கிடக்கும் மாதங்களில், தள்ளி நின்று மேய்கிற மரையின் மூச்சு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரியும். உங்கள் 250க்கு மரை சிறியதாகத்தான் விழும். விழட்டும், அந்த வெளியும் படத்தில் இருக்கவேண்டியதுதான்.

மூடுபனி (தலவாக்கலை), மூன்று வாரம் கழித்து:

மூவருக்கும் நன்றி. அக்கா சொன்னதுபோல் செய்தேன். குழுவில் எழுதினேன், பெயர்ப் பலகைப் படம் இருந்தது, அதையும் போட்டேன். மறுநாள் காலை பிரட்டுக்குப் போனேன். கூடையும் படங்குச் சாக்கும் கட்டிக்கொண்டு எல்லோரும் நின்றார்கள். நான்தான் எடுத்தேன் என்று சொன்னபோது என் குரல் அடைத்துவிட்டது. ஒரு ஆயா, "ஒரு நாள் பேர் போனது போனதுதான், நீ வந்து சொன்னாயே" என்றார். இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. அவருடைய மகள் அந்த வாரம் பரீட்சைக்குப் பணம் கட்டவேண்டியிருந்தது என்று பிறகு அம்மா சொன்னார். அதை அறிந்தபின் என் சம்பளத்தில் ஒரு நாள் பேரை அம்மாவின் கையில் கொடுத்தனுப்பினேன். வாங்கவில்லை. மறுபடி கேட்பேன்.

கண்ணியைப் பற்றித் தகவல் கொடுத்தேன். வந்து பார்த்தார்கள், கம்பியை அகற்றிக்கொண்டு போனார்கள்.

லென்ஸ் திருத்தப் போயிருக்கிறது. அது வரும்வரை கமராவோடு வந்த சின்ன லென்ஸை மாட்டிக்கொண்டு ஹக்கல தாவரவியல் பூங்காவுக்குப் போனேன். 1861இல் சிங்கோனா பயிரிட்டுப் பார்க்கத் தொடங்கிய இடம் என்று பள்ளியில் படித்தது. எனக்கு வேண்டியது அங்கே மரத்தில் இருந்தது. மூக்கில் வெள்ளைக் கொம்புள்ள ஓணான். இந்தக் கொம்போணான் வகை உலகத்திலேயே நம் நாட்டில் மட்டும்தான் இருக்கிறது. பாசி பிடித்த மரத்தில், என் மார்பு உயரத்தில், அசையாமல் ஒட்டியிருந்தது. ஸ்டூடியோ அண்ணா சொன்னபடி உட்கார்ந்துவிட்டேன். இருபது நிமிடம் அதன் ஒரு கண் மட்டும் என்னைப் பார்த்தது. பிறகு ஓர் எறும்பு கொம்பின் நுனிவரை ஏறி, வழி இல்லாமல் திரும்பி இறங்கியது. ஓணான் கண்ணை மூடித் திறந்தது, அவ்வளவுதான். ஒன்பது படம் எடுத்தேன். மூன்றில் எறும்பு இருக்கிறது.

படத்தின் கீழ் "காட்டு உயிர், நுவரெலியா மாவட்டம், தொடவில்லை, நகர்த்தவில்லை" என்று எழுதினேன். எந்த மரம் என்று எழுதவில்லை. இவற்றைக் கடத்தி வெளிநாட்டில் வளர்ப்புக்கு விற்கிறார்கள் என்பதால் 2019இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே யார் கேட்டாலும் அந்த மரத்தைச் சொல்லப்போவதில்லை, இங்கேயும்கூட.

சிறுத்தைப் படத்தையும் திரும்பப் போட்டுவிட்டேன். "தெஹிவளை மிருகக்காட்சிசாலை, கம்பி வலைக்கு வெளியிலிருந்து" என்பதுதான் முதல் வரி. அம்மா அதைப் பெரிதாக அச்சடித்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

ஸ்டூடியோ அண்ணா, ஒரு சின்ன உதவி. நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் தலவாக்கலையில் எந்தக் கடையிலும் இல்லை. ஹட்டனில் கிடைக்குமா?

ஸ்டூடியோக்காரர் (ஹட்டன்):

என்னிடம் இருக்கிறது தம்பி. லென்ஸ் வந்ததும் கொண்டு வாருங்கள், விளக்கை உள்ளே அடித்து ஒருமுறை பார்த்துவிடுவோம். அம்மாவின் படத்தையும் என் கடையிலேயே அச்சடிக்கலாம். அந்த எறும்புப் படத்தின் மூலக் கோப்பையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.